சுக்கானுக்கு ஒரு தோல் வாஷர்

1996 ஆடி மாதத்தில், பாலாற்றில் பொட்டுத் தண்ணீர் இல்லாத சமயம், ஆம்பூருக்குப் பக்கத்தில் மணலுக்கு அடியில் ஒரு நீர்மூழ்கிக் கப்பல் வந்து நின்றது. அந்த வாரம் தோல் விலை இறங்கியிருந்ததால் கடைத்தெருவில் அதைப் பற்றிப் பெரிதாகப் பேச்சில்லை. மணல் லாரிக்காரர்கள் மட்டும் அலுத்துக்கொண்டே அதைச் சுற்றித் தோண்டினார்கள்.

நிலைகொள்ளாமல் தவித்தவர் வாஹித் பாஷா ஒருவர்தான். கப்பலைச் செய்த நாடு சிதறிப்போய் உதிரிப் பாகங்கள் வருவது நின்றபோது, அதில் சுக்கான் பிடித்த அவர் மகன் ஃபைஸான், "எங்கப்பா அறுத்துக் குடுப்பாரு சார்" என்று அதிகாரிகளிடம் பெருமையடித்துவிட்டான். பம்புசெட்டுக்குத் தோல் வாஷர் அறுக்கும் பட்டறைக்குக் கடற்படை ஆர்டர் வந்தது இப்படித்தான். கடைசி வாஷருக்குத் தோல் போதவில்லை. அதே வாரம் வீட்டு எருமை செத்தது. வீட்டில் வளர்ந்த மாட்டின் தோலைச் சொந்தப் பட்டறையில் அறுக்கும் வழக்கம் அங்கே கிடையாது, குடியாத்தம் மண்டிக்கு அனுப்பிவிடுவார்கள். பாஷா அவசரத்தில் அறுத்துவிட்டார். எங்கே ஓட்டிவிட்டாலும் பொழுது சாய்ந்ததும் தானாக வீடு வந்து சேரும் எருமை அது. அந்த வாஷரைச் சுக்கானில் மாட்டிய பிறகு கப்பலும் பொழுது சாய்ந்தால் மேற்கே திரும்பியது. திசைகாட்டி சொன்னதைச் சுக்கான் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. கடைசியில் கடல் தீர்ந்த பிறகும் நிற்காமல், மணலுக்குள் புகுந்து ஊர் வந்துவிட்டது.

மேல்மூடி திறந்து ஃபைஸான் இடுப்பளவு வெளியே வந்தான். நாலு வருஷமாகக் கண்ணில் படாத பிள்ளை. அவன் அம்மா நசீமுன்னிசா பிடித்த கையை விடவில்லை.

"இறங்கி வாடா. கப்பல் இங்கியே கெடக்கட்டும்."

"மழ வந்து ஆறு ஓடுச்சுன்னா கப்பல் பொதஞ்சிடும் அம்மீ. நான் இல்லாம சுக்கான யாரு புடிக்கிறது?"

புது வாஷர் வேண்டும். பாஷா பட்டறைக்கும் ஆற்றுக்குமாக நடந்தார். கத்தியை எடுப்பார், வைப்பார், டீ சொல்லிவிட்டுக் குடிக்காமல் எழுந்துபோவார். "அறுக்காதீங்க. அறுத்தா அவன் இந்தப் பக்கமே திரும்ப மாட்டான்" என்று நசீமுன்னிசா அழுதார். அது பாஷாவுக்கும் தெரியும். திருப்பத்தூர் சந்தையில் வாங்கிய, எந்த வீட்டு மாடென்று யாருக்கும் தெரியாத ஒரு தோலை எடுத்து, பிசிறில்லாமல் அறுத்துக் கொடுத்தார்.

கப்பல் அன்றே கிழக்கே போய்விட்டது. கழற்றிய பழைய வாஷரை ஃபைஸான் அம்மாவிடம் கொடுத்திருந்தான். அவர் அதைப் பீரோவில் வைத்துப் பூட்டினார். மறுநாள் பொழுது சாய்ந்தபோது வீடு மெல்லக் கிழக்கே திரும்பியது. பிறகு ஒருநாள் தெற்கே, ஒருநாள் வடகிழக்கே. கரண்ட் கம்பியைக் கொஞ்சம் நீளமாக விட்டார்கள், தண்ணீருக்கு ரப்பர் குழாய் போட்டுக்கொண்டார்கள். பாஷாவும் நாற்காலியை வாசலில் போட்டு உட்காரப் பழகினார்.

2004இல் வீட்டு வரி போட வந்தவர், வாசல் எந்தத் திசை என்று கேட்டார்.

"புள்ள எந்தப் பக்கம் இருக்கானோ அந்தப் பக்கம்" என்றார் நசீமுன்னிசா.

வந்தவர் அப்படியே எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.