எதிர்வீட்டை விடப் பெரிய பம்பு

காற்றாடிக்குப் பேர்போன சீன நகரமான வெய்ஃபாங்கில் லுவானும் எதிர்வீட்டு பியானும் காற்றாடி செய்கிறவர்கள். வசந்தத் திருவிழாவுக்கு ஆயிரக்கணக்கில் காற்றாடி வாங்க சிங்தாவ் வியாபாரி ஒருவர் வரப்போகிறார். ஆர்டர் யாருக்கு என்பதுதான் பேச்சு. பியான் முந்திக்கொண்டு, கணினி சொல்கிறபடி துணியை வெட்டித் தள்ளும் மெஷின் ஒன்றை இறக்கிவிட்டார். அன்றைக்கே லுவானும் மெஷின் வாங்க ஜினானுக்கு ரயில் ஏறினார்.

“விலை எதை வச்சுய்யா?” என்று கேட்டார்.

விற்பனையாளர் தெங் மெஷினைத் தட்டிக் காட்டினார். “மேஜை எவ்வளவு பெருசு, எத்தனை கத்தி, எந்த நாட்டு மோட்டார், துணி நகராம அடியிலேர்ந்து உறிஞ்சிப் பிடிக்கிற பம்பு எவ்வளவு வலு. அப்புறம், எதிர்வீடு.”

“எதிர்வீடா?”

“விலையை ரொம்ப ஏத்துறது அதுதாண்ணே. உங்க துணிக்குச் சின்ன பம்பே தாராளம்.”

“பியான் எது வாங்கினான்?”

“பெருசு.”

“அதுக்கு மேல ஒண்ணு போடு.”

தெங் பெருமூச்சு விட்டு ரசீது எழுதினார்.

மெஷின் வந்தது. பம்பைப் போட்டதும் துணி மேஜையோடு ஒட்டியது. சுவர்க் காலண்டரும், லுவானின் மனைவி யூஜென் கையிலிருந்த வெங்காய ரொட்டியும் பறந்துபோய் ஒட்டின. ரொட்டியைப் பருந்து வடிவில் பிசிறில்லாமல் வெட்டிக் கொடுத்தது மெஷின்.

“வேலை சுத்தம் பாத்தியா?” என்றார் லுவான்.

யூஜென் ஒரு இறக்கையைப் பிய்த்துத் தின்றாள்.

வியாபாரி வந்த காலையில் இரண்டு வீட்டுப் பம்புகளும் முழு மூச்சில் ஓடின. தெருவிலிருந்த காற்றை ஆளுக்குப் பாதியாக உறிஞ்சிக்கொண்டன. வியாபாரி நூலைப் பிடித்துக்கொண்டு ஓட, காற்றாடி நாய்க்குட்டி மாதிரி தரையிலேயே பின்னால் வந்தது. அடுப்புப் புகை எங்கே போவதென்று தெரியாமல் கூரைமேல் உட்கார்ந்திருந்தது.

“பறக்காத காத்தாடி எனக்கெதுக்கு? வேற ஊர் பாத்துக்கறேன்” என்றார் வியாபாரி.

“டேய் பியான், பம்பை நிறுத்துடா!”

“நீ நிறுத்து மொதல்ல! உன்னுதுதானே பெருசு!”

பியான் வாயாலேயே அதைக் கேட்டதில் லுவானுக்கு வயிறு குளிர்ந்துவிட்டது. நிறுத்த மனம் வரவில்லை.

யூஜென் எதிர்வீட்டுக்காரியைப் பார்த்துக் கண்ணைக் காட்டினாள். இருவரும் அவரவர் வீட்டுக்குள் போய் ஒரே நேரத்தில் சுவிட்சை அணைத்தார்கள். அடைபட்டிருந்த காற்று மொத்தமும் வெளியே பாய்ந்தது. காற்றாடி எழும்பியது. கூடவே வியாபாரியும் தரையைவிட்டு இரண்டு முழம் எழும்பினார். இறங்கும்வரை காத்திருக்காமல் மேலேயிருந்தே, “ஆளுக்குப் பாதி!” என்று கத்தினார்.

அன்று மாலை லுவான் தெங்குக்குப் போன் போட்டார். “சின்ன பம்பா மாத்தித் தருவியா?”

“இப்பதான் பியான் அண்ணனும் கேட்டாரு. இருக்கறதுலயே சின்னதா ஒண்ணு அனுப்பறேன்னேன்.”

லுவான் எதிர்வீட்டு ஜன்னலைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். “அதைவிடச் சின்னது கிடைக்குமா?”

“தனியா செய்யணும்ணே. விலை கூட ஆகும்.”

“செய்” என்றார் லுவான்.