திரும்பி வரும் கம்பி

முதல் அடி கதவில் விழுந்தது. தாழ்ப்பாள் பிய்த்துக்கொண்டு போய்ச் சுவரில் மோதியது. இரண்டாவது அடி தம்பியின் வலது முன்கையில். காய்ந்த குச்சியை முழங்காலில் வைத்து முறித்தது போல ஒரு சத்தம். மடித்துக்கொண்டிருந்த யாருடைய சட்டையையோ விடாமலே தம்பி சரிந்து உட்கார்ந்தான். இரண்டு அடிக்கும் நடுவில் அண்ணன் ஒரு வார்த்தை பேசவில்லை. பேச ஆரம்பித்தால் கோபம் இறங்கிவிடும் என்று அவனுக்குத் தெரியும். அது இறங்கக் கூடாது என்றுதான் இரும்புக் கம்பியோடு வாசலைச் சுற்றிக்கொண்டு வந்திருந்தான்.

அண்ணன் மோட்டார்களுக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறவன். தெருவில் அவனுக்கு ‘ஷாக்கு’ என்று பெயர். தொட்டால்தான் கரண்டு அடிக்கும், இவன் பார்த்தாலே அடிப்பான் என்பார்கள். தம்பி துணி தேய்க்கிறவன். ஒரே வீட்டில் பிறந்து, அப்பன் போனதும் அந்த வீட்டின் நடுவில் சுவர் எழுப்பிக்கொண்டவர்கள். சுவர் எழுந்த நாளிலிருந்து பேச்சு இல்லை. நல்லதற்கும் போவதில்லை, கெட்டதற்கும் போவதில்லை. பேசாதவன் என்ன நினைக்கிறான் என்று யாருக்குத் தெரியும்? நல்லதை நினைக்க மாட்டான் என்று மட்டும் இருவருமே நிச்சயமாக நம்பினார்கள்.

அன்று சாயங்காலம் அண்ணன் வீட்டுப் பின்னறையில் விளக்கு விட்டு விட்டு எரிந்தது. அவனுடைய மகள் ஏணி போட்டு ஏறினாள். அவளும் அவனோடு கடையில் வேலை செய்கிறவள்தான், விவரமானவள். ஏறும் முன்பே பியூஸ் கட்டையைப் பிடுங்கித் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள், வேறு யாரும் தெரியாமல் மாட்டிவிடக் கூடாது என்று. மேலே கூரையில் கம்பிகள் சேருகிற பெட்டியைத் திறந்து ஒவ்வொரு கம்பியிலும் டெஸ்டரை வைத்துப் பார்த்தாள். எதிலும் டெஸ்டர் விளக்கு எரியவில்லை. கருகிப்போயிருந்த பழைய கம்பி முறுக்கைப் பிரித்தாள். பிரித்த கணம் ஏணியின் உச்சியிலிருந்து தூக்கி எறியப்பட்டாள். அவள் கையோடு வந்த கம்பியும் பிய்ந்து தொங்கியது.

மூச்சு இருக்கிறதா இல்லையா என்றே முதலில் தெரியவில்லை. முகத்தில் குடம் குடமாகத் தண்ணீர் அடித்தார்கள். பக்கத்து வீட்டு நர்ஸ் ஓடி வந்து நெஞ்சை அமுக்கி, கன்னத்தில் தட்டி, ஒரு வழியாகக் கண்ணைத் திறக்க வைத்தாள். உள்ளங்கை வெந்துபோயிருந்தது. முன்னறையில் படுக்கவைத்துக் கட்டுப் போட்டார்கள். மகள் வாய் குழற, “டெஸ்ட் பண்ணிட்டுதாம்பா தொட்டேன்” என்றாள்.

அந்தச் சொல்தான் அவனைக் கிளப்பியது. பார்த்தபோது இல்லாத கரண்டு தொட்டபோது வந்திருக்கிறது. தன் பக்கத்துப் பியூஸ் மகளின் பைக்குள் இருக்கிறது. அப்படியானால் அனுப்பினது யார்? சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறவன்தான். அழுதுகொண்டிருந்த மனைவியின் காதருகில் போய், “நம்ம பக்கம் கரண்டே இல்ல, பயப்படாம வேலையப் பாரு” என்று கத்தினான். அவளுக்குக் காது மந்தம், கத்தினால்தான் கேட்கும். பிறகு மூலையில் கிடந்த இரும்புக் கம்பியைத் தேடி எடுத்தான்.

“எம்பொண்ணக் கொல்லப் பாத்தியாடா?” மூன்றாவது அடி தோளில் விழுந்த பிறகுதான் அவனுக்கு வாய் வந்தது.

“நான் என்னடா பண்ணேன்?”

“லைன மாத்திக் குடுத்துட்டு என்ன பண்ணேன்னா கேக்குற?”

“பைத்தியமா பிடிச்சிருக்கு ஒனக்கு?”

நான்காவது அடிக்குத் தம்பி உருண்டுவிட்டான். கம்பி தரையில் பட்டுச் சிமெண்டு தெறித்தது. தம்பி மனைவி குறுக்கே வந்து விழுந்தாள். “மாமா, வேணாம் மாமா, அவருக்கு ஒண்ணும் தெரியாது மாமா.” அவளைத் தலைமுடியைப் பிடித்து ஒரு பக்கமாகத் தள்ளினான். அவள் எழுந்து, ஆள் கூப்பிட தெருவுக்கு ஓடினாள். தம்பி வீட்டுப் பின்னறையில் இரண்டு பேர் மட்டும் மிச்சம். கருப்பையில் முன்பின்னாக இடம் பிடித்த இரண்டு பேர்.

சாது மிரண்டால் காடு கொள்ளாது என்று சும்மாவா சொன்னார்கள்? தம்பி இடது கையை மேஜைக்கு நீட்டி இஸ்திரிப் பெட்டியை எடுத்தான். உத்தரத்திலிருந்து தொங்கிய ஒயரோடு சேர்த்து வீசினான். இரும்பு மொத்தமும் அண்ணன் தாடையில் இறங்கியது. இரண்டு பல் நாக்கின் மேல் கிடந்தது. மல்லாக்க விழுந்தவன் நெஞ்சில் தம்பி முழங்காலை ஊன்றி, பெட்டியின் அடிப்பாகத்தைக் கழுத்தில் வைத்து அழுத்தினான்.

அண்ணன் கண்ணை இறுக மூடிக்கொண்டான். தோல் உரிந்து வரப்போகிறது, கருகின வாடை வரப்போகிறது என்று காத்திருந்தான். வரவில்லை. பெட்டி வெதுவெதுப்பாக இருந்தது, காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி.

தேய்க்கிறவன் வீட்டில், மூட்டை மூட்டையாகத் துணி காத்திருக்கிற சாயங்காலத்தில், பெட்டி ஏன் ஆறிக் கிடக்கிறது? கண்ணைத் திறந்து மேலே பார்த்தான். விளக்கு எரியவில்லை. தம்பியின் முன்னறை விளக்கிலிருந்து வந்த வெளிச்சத்தில்தான் இவ்வளவு நேரமும் அடித்துக்கொண்டிருந்தார்கள். அடிக்கிற அவசரத்தில் அதைக்கூட அவன் பார்த்திருக்கவில்லை.

“கரண்டு எப்படா போச்சு?” வாயில் ரத்தம் கொழகொழத்தது.

“ஒம்பொண்ணு கத்துற சத்தம் கேட்டுச்சே, அப்பப் போச்சு. இந்த ரூம்ல மட்டும். இப்ப அதுவா முக்கியம் ஒனக்கு?”

அதுதான் முக்கியம். போன கரண்டு திரும்பி வர ஒரு கம்பி வேண்டும். போவதற்கு ஒன்று, வருவதற்கு ஒன்று, இரண்டும் சேர்ந்தால்தான் விளக்கு எரியும், பெட்டி சூடாகும். இது காயில் கட்டப் பழகுகிறவனுக்கு முதல் பாடம். வீட்டைப் பிரித்தபோது போகிற கம்பியை ஆளுக்கொன்றாகப் பிரித்தார்கள். பின்னறைகளுக்குத் திரும்பி வருகிற கம்பி பழையபடி ஒன்றாகவே, அண்ணன் பக்கத்துக் கூரைப் பெட்டியில் கிடந்தது. அதைப் பிரிக்க அண்ணன் பக்கத்துச் சுவரைக் கொத்த வேண்டும். “எஞ்சுவத்துல உளி பட்டா, உளி பிடிச்ச கை இருக்காது” என்று நின்றவன் அவன்தான். சரி, கிடக்கட்டும் என்று தம்பியும் விட்டுவிட்டான். இத்தனை வருஷமாகத் தம்பி வீட்டுப் பெட்டிக்குப் போன கரண்டெல்லாம் அண்ணன் வீட்டு வழியாகத்தான் வெளியே போய்க்கொண்டிருந்தது. முறுக்கு சேர்ந்திருந்தவரைக்கும் டெஸ்டருக்கும் அது தெரியாது. பிரித்தபோது, போக வழி இல்லாமல் மகள் கைக்குள் புகுந்தது. யாரும் அனுப்பவில்லை.

“நீ பண்ணலடா,” என்றான்.

“கைய ஒடிச்சிட்டுச் சொல்றியா?” தம்பி பெட்டியை விட்டுவிட்டுக் கீழே கிடந்த இரும்புக் கம்பியை எடுத்தான். இடது கையால் அதைக் கழுத்துக்குக் குறுக்கே வைத்து, உடம்பின் பாரத்தை எல்லாம் இறக்கினான். “தாயழி, சின்ன வயசுல இருந்து ஒன்னோட அடிய வாங்கியே வளந்தேன். இன்னியோட முடிச்சிடுறேன்.”

கண்ணுக்குள் கருப்பு ஏறியது. செத்தாலும் நியாயம்தான் என்று அண்ணனுக்குத் தோன்றிய அதே நேரத்தில், சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து தரையைப் பிராண்டுகிற ஒரு சத்தம் வந்தது. இரும்பு ஏணியை யாரோ இழுக்கிறார்கள். யாரோ என்ன, தன் மனைவிதான். தண்ணீர் தேங்கிய அறையைத் துடைக்க ஏணியை நகர்த்துகிறாள். வெறுங்காலோடு நிற்பாள். தலைக்கு மேலே பிய்ந்த கம்பி ஏணியைத் தொடுகிற தூரத்தில் ஆடிக்கொண்டிருக்கும். இங்கே தம்பி அறையில் விளக்குக்கும் இஸ்திரிப் பெட்டிக்கும் ஒன்றான சுவிட்சு, கரண்டு வரட்டும் என்று போட்டபடியே இருக்கிறது. அந்தச் சுவிட்சு கீழே இருக்கிறவரை அந்தக் கம்பியில் உயிர் இருக்கிறது. பயப்படாதே என்று சொல்லிவிட்டு வந்தவனும் அவன்தான்.

கத்தக் குரல் இல்லை. கத்தினாலும் அவளுக்குக் கேட்காது. தொங்குகிற ஒயரைப் பிடித்துப் பிடுங்கிவிடலாம் என்று கையை நீட்டினான். கழுத்தில் சுற்றப் பார்க்கிறான் என்று நினைத்துத் தம்பி அந்தக் கையை மிதித்தான். விரல்கள் நொறுங்கின.

“சுவிட்சு,” என்றான் காற்றாக. “ஆஃப் பண்ணு.”

“எதுக்கு? நான் திரும்பணும், நீ எந்திரிக்கணும். அதான?”

“ஏணி... கேக்குதா? கம்பி தொங்குது. அவ தொட்டா போயிடுவா.”

“எவ?”

அவன் பதில் சொல்ல உதட்டை அசைத்தான். சத்தம் வரவில்லை. ஏணி மறுபடியும் பிராண்டியது, இந்த முறை சுவரை ஒட்டி. தம்பி தலையைத் திருப்பிக் கேட்டான். அவன் முகத்தில் ஏதோ இளகியது.

“அண்ணியா?” என்றான். அந்தச் சொல்லை அவன் வாய் சுவர் எழுந்ததிலிருந்து சொல்லவில்லை.

அண்ணன் கண்ணை மூடித் திறந்தான்.

சுவிட்சு தம்பியின் முதுகுக்குப் பின்னால் இருந்தது. வலது கை முழங்கைக்குக் கீழே தொங்கிக்கொண்டிருந்தது. இருப்பது ஒரு கை, அதில் கம்பி. கம்பியைக் கீழே போட்டுவிட்டு, அடிக்க வந்தவனுக்கு முதுகைக் காட்டி எழுந்திருக்க வேண்டும். அவன் அண்ணன் முகத்தைப் பார்த்தான். சின்ன வயசிலிருந்து ஒருநாளும் நம்ப இடம் கொடுக்காத முகம். பிறகு கம்பி தரையில் விழுந்து உருண்டது.

தம்பி தடுமாறிப் பாய்ந்து உள்ளங்கையால் சுவிட்சுப் பலகையைக் கீழிருந்து மேலாக ஓங்கி அறைந்தான். சுவிட்சு மேலே ஏறி அணைந்தது. ஏணிச் சத்தமும் நின்றது. கரண்டு நின்றது முதலா, ஏணி நின்றது முதலா என்று இருவருக்கும் தெரியவில்லை. தம்பி பலகையிலிருந்து கையை எடுக்கவில்லை, அண்ணன் தரையிலிருந்து எழுந்திருக்கவில்லை. தெருவில் ஆட்கள் ஓடி வருகிற காலடிகள் கேட்டன. இரண்டு பேரும் வாயைத் திறந்தபடி, நடுவில் நின்ற அந்த வெள்ளைச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.