இடைவேளையை யார் பிடிப்பது?

கதவு கிடையாது, ஒரே ஒரு ஜன்னல். நாம் நீட்டுவது மட்டும்தான் உள்ளே இருப்பவருக்கு உலகம். அவர் யார், சொல்லுங்கள்?

எங்கள் பள்ளிக்கூட மணிக்குள் குடியிருக்கும், ஜாவாஸ்கிரிப்ட் என்ற கணினி மொழியைப் படித்து நடத்தும் எஞ்சின்.

மணியை அடிக்கும் கணினி நிரல், சி என்ற இன்னொரு கணினி மொழிக்காரர். எந்த வேளைக்கு எந்த மணி என்று பிள்ளைகள் எழுதியதோ ஜாவாஸ்கிரிப்டில். அது அவருக்குப் புரியாது. அதனால், கணினி ஆசிரியையான நான், அவர் வீட்டிலேயே ஓர் அறையை ஒழித்து எஞ்சினைக் குடிவைத்தேன். பாடங்களையும் இடைவேளையையும் ஜன்னல் வழியாக உள்ளே கொடுத்தேன்.

எஞ்சின் மிகவும் சுத்தம் பார்ப்பவர். யார் பிடியிலும் இல்லாத பொருளைப் பெருக்கித் தள்ளிவிடுவார். ஒவ்வொரு பாடத்தையும் அதன் ஆசிரியர் பிடித்திருந்தார். இடைவேளைக்கு ஆசிரியர் இல்லை. புதன்கிழமை அது குப்பையோடு போய்விட்டது.

சி எதையும் தானாகப் பெருக்குவதில்லை. அவர் கட்டிலுக்கடியில் போன வருடத்து இடைவேளை ஒன்று கிடந்தது. கொய்யாப்பழ வாசனை இன்னும் போகவில்லை. அந்த ஒன்றுதான் மிச்சம். அதை உள்ளே வைத்தோம். ஜன்னல் வழியே கையை விட்டு யாராவது பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். பிள்ளைகள் முறை வைத்துக்கொண்டார்கள்.

வியாழக்கிழமை மூன்றாம் வகுப்பு இசக்கிச்செல்வியின் முறை. மற்றவர்கள் மைதானத்தில் கட்டம் கீறி, நொண்டியடித்துப் பாண்டி ஆடிக்கொண்டிருந்தார்கள்.

“ஏட்டி, விட்டுத் தொலைச்சிராத!” என்று அவள் தோழி பேச்சியம்மாள் அங்கிருந்தே கத்தினாள். “அப்புறம் காலம் பூரா கணக்குதான்!”

“அப்போ நீ வந்து பிடி.”

“நான் இப்பதான் ஒரு கட்டம் ஜெயிச்சுப் பழம் எடுத்திருக்கேன்.”

இசக்கிச்செல்வி தலைமையாசிரியை அமலோற்பவத்திடம் திரும்பினாள். அதே ஜன்னலில் பக்கத்தில் நின்று கணக்கைப் பிடித்திருப்பவர் அவர்தான்.

“பெரிய டீச்சர், கை வலிக்கு. நானும் ஆடணும்.”

“விட்டா யாருக்கும் கிடையாது. பிடிச்சா உனக்குக் கிடையாது. எதுன்னு நீயே சொல்லும்மா.”

அவள் ஜன்னலுக்குள் எட்டிப் பார்த்தாள். கணக்குப் பாடம் சும்மா உட்கார்ந்திருந்தது.

“நீங்க கணக்கை எப்பவாவது விடுவீங்களா, டீச்சர்?”

“உயிரே போனாலும் விடமாட்டேன்.”

இசக்கிச்செல்வி இடைவேளையைக் கணக்குப் பாடத்தின் இரண்டு கைகளிலும் கொடுத்துவிட்டுப் பாண்டி ஆடப் போனாள். அன்று முதல் கணக்குக்குச் சாக்பீஸ் பிடிக்கக் கை ஒழியவில்லை.