டயாலிசிஸ் வார்டுக்கு வந்த மலை

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தே முக்காலுக்கு, மருத்துவமனையின் இரண்டாம் மாடியில், டயாலிசிஸ் வார்டின் மேற்கு ஜன்னலுக்கு வெளியே ஒரு மலை வந்து நின்றது. அதுவரை அந்தப் பக்கம் சைக்கிள் நிறுத்துமிடமும் தண்ணீர்த் தொட்டியும் அவற்றுக்கு அப்பால் தட்டையான நிலமும்தான் இருந்தன. ஊரில் மேடு என்று சொல்லிக்கொள்ள ரயில்வே பாலம் ஒன்றுதான் உண்டு. மலை சத்தமில்லாமல் வந்தது. ஒரு சைக்கிள்கூடச் சாயவில்லை. ஒரே சிகரம், தலை நிறையப் பனி, இடுப்பு வரை மரங்கள். பணியில் இருந்த நர்ஸ் நான்கு நோயாளிகளுக்கும் ரத்த அழுத்தம் பார்த்து முடித்துவிட்டு, பதிவேட்டில் 'மேற்கு ஜன்னலில் மலை. நோயாளிகள் நலம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

மலை எப்படி வந்தது என்பதில் வார்டில் யாருக்கும் சந்தேகம் இல்லை. நோயாளிகளில் ஒருவரான கண்டக்டர்தான் அதைப் படித்தே கொண்டுவந்தார். டவுன் பஸ்ஸில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தவர் அவர். ஒருநாள் பின்சீட்டில் யாரோ ஒரு தடித்த புத்தகத்தை விட்டுப் போயிருந்தார்கள். மூன்று மாதம் டிப்போவில் வைத்திருந்தும் யாரும் கேட்டு வரவில்லை. உள்ளே பெயர் ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கத் திறந்தவர், அன்று இரண்டு நிறுத்தங்களுக்கு டிக்கெட் கொடுக்க மறந்துவிட்டார். ஐந்து பாகங்களில் அது முதல் பாகம். பார்வையற்ற ராணி ஒருத்தி, பறிபோன தன் நாட்டுக்கு நடந்தே திரும்புகிறாள். வழியெல்லாம் கண்ணில் படுவதை அவளுக்கு மொழிபெயர்ப்பதுபோலச் சொல்லிக்கொண்டே ஒரு துபாஷிப் பெண் கூட வருகிறாள். இருவரும் வெண்தாடி என்ற மலையைக் கடக்க வேண்டும். மற்ற நான்கு பாகங்களையும் தேடிப் பிடித்து, மொத்தத்தையும் பதினோரு தடவை படித்திருந்தார் கண்டக்டர். சிறுநீரகம் கெட்டு வாரம் மூன்று நாள், நாளுக்கு நான்கு மணி நேரம் படுக்கையோடு கிடக்கவேண்டி வந்தபோது பன்னிரண்டாம் தடவை ஆரம்பித்தார். ஊசி குத்திய இடது கையை அசைக்கக் கூடாது. வலது கையால் புத்தகத்தை வயிற்றில் நிறுத்திக்கொண்டார். நிறுத்தங்களின் பெயரைக் கூவியே பழகிய தொண்டைக்கு மனசுக்குள் படிக்கத் தெரியவில்லை.

பக்கத்துப் படுக்கை டெய்லருக்கு முதல் நாள் எரிச்சலாக வந்தது. பெண்கள் துணி தைக்கும் கடை வைத்திருந்தவள். இரண்டு மாதமாகக் கடையைத் திறக்க முடியாத கோபமும் சேர்ந்துகொண்டது.

"அண்ணே, கொஞ்சம் மனசுக்குள்ள படிங்களேன். தலை வலிக்குது."

"இந்தப் பக்கம் முடியட்டும்மா."

பக்கம் முடியவே இல்லை. மூன்றாம் வாரம் அவள் வார்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே, "அந்த ராணிக்குக் காய்ச்சல் விட்டுச்சா?" என்று கேட்டாள். காய்ச்சல் விட்டிருந்தது. நம் முன்னால் என்ன இருக்கிறது என்று ராணி கேட்க, துபாஷி ஒன்பது பக்கத்துக்கு மலையைச் சொல்கிறாள். கண்டக்டர் ஆறாம் பக்கத்தில் இருந்தபோதுதான் ஜன்னலில் வெளிச்சம் மாறியது.

இந்த நோய்க்காரர்களுக்கு ஊசி வலியைவிடப் பெரிய வலி தாகம். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று அளந்து கொடுப்பார்கள். மீதி நேரம் நாக்கு ஒட்டிக்கொண்டு கிடக்கும். மலையிலிருந்து வந்த காற்றை நான்கு மணி நேரம் மூச்சில் வாங்கியவர்களுக்கு இரண்டு நாள் தாகம் எடுக்கவில்லை. உடம்பில் தேங்கும் தண்ணீர் எவ்வளவு என்று பார்க்க ஒவ்வொரு முறையும் எடை போடுவார்கள். அந்த மாதம் எடை இறங்கிக்கொண்டே போனதால் டாக்டர் எடை இயந்திரத்தை மாற்றினார், பிறகு மறுபடி மாற்றினார், கடைசியில் ஜன்னலருகே வந்து நின்று பெருமூச்சு விட்டார். நில அளவைத் துறையினர் வந்து அளந்துவிட்டு, இது நிரந்தரமா என்று கேட்டார்கள். "படிக்கிற வரைக்கும் இருக்கும்னு நினைக்கிறேன் சார்," என்றாள் நர்ஸ்.

அடுத்த வருடம் அந்தக் கதையின் முதல் படம் வந்தது. டெய்லரை அவள் மகள் கூட்டிப்போனாள். போனவள் அழுதுவிட்டு வந்து, நல்லா இருந்தது என்றாள். தனியாகப் போன கண்டக்டர் இடைவேளையிலேயே எழுந்து வந்துவிட்டார். மறுநாள் ஜன்னலில் நின்ற மலைக்கு இரண்டு சிகரங்கள் இருந்தன, படத்தில் இருந்ததைப் போலவே. கண்டக்டர் அதைப் பார்த்தார், புத்தகத்தை மூடினார், டயாலிசிஸ் முடிந்ததும் யாரிடமும் பேசாமல் கிளம்பினார். வியாழக்கிழமை வரவில்லை. சனிக்கிழமையும் வரவில்லை. இரண்டு முறை தவறினால் என்ன ஆகும் என்று அந்த வார்டில் எல்லோருக்கும் தெரியும். ஞாயிறு காலை டெய்லர் விலாசம் விசாரித்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனாள். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கால் இரண்டும் வீங்கியிருந்தன.

"என் மலைய மாத்திட்டாங்கம்மா," என்றார். "ஒரு தடவைகூட அதுக்கு ரெண்டு சிகரம் இருந்ததில்ல."

"இருந்ததில்லதான்."

"துபாஷிப் பொண்ணையே தூக்கிட்டாங்க. அவ இல்லாம ராணிக்கு மலை எப்படித் தெரியும்?"

டெய்லர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அண்ணே, நான் எட்டாவதோட நின்னவ. அளவு நோட்டத் தவிர வேற நோட்டத் தொட்டதில்ல. படத்துல அந்தம்மா மலை முன்னாடி நிக்கிறப்போ பக்கத்துல யாருமே இல்ல. ஆனா எனக்கு உங்க குரல்தான் கேட்டுச்சு. நீங்க சொல்லித்தான் அவங்களுக்குத் தெரியுதுன்னு நினைச்சுக்கிட்டேன். நல்லா இருந்துச்சுன்னு நான் சொன்னது அதைத்தான்."

சமையலறை வாசலில் நின்ற அவர் மனைவி, "ஆட்டோவக் கூப்பிடட்டுமா?" என்று கேட்டாள். அவர் சரியென்று தலையை ஆட்டினார்.

அன்று விடுமுறை நாள் என்றும் பாராமல் டாக்டர் ஓடிவந்தார். டெய்லருக்கு அன்று முறை இல்லை. ஆனாலும் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கண்டக்டரால் தூக்கிப் பிடிக்க முடியாததால் புத்தகத்தை அவளே வாங்கி, எழுத்துக்கூட்டிப் படித்தாள். ஒவ்வொரு வரியிலும் தடுக்கினாள். கண்ணை மூடியபடியே அவர் திருத்தினார். நான்கு மணி நேரம் முடிந்தபோது ஒற்றைச் சிகர மலை பழைய இடத்துக்குத் திரும்பி வந்திருந்தது. இரட்டைச் சிகர மலை மரியாதையாகக் கொஞ்சம் தெற்கே நகர்ந்து நின்றது. நில அளவைத் துறையினர் மறுபடி வந்து, முணுமுணுத்துக்கொண்டே அளந்தார்கள்.

அதன்பின் செய்தி பரவி, கதையின் ரசிகர்கள் பல ஊர்களிலிருந்தும் வர ஆரம்பித்தார்கள். சிலர் துபாஷியைப் போல நீல அங்கி அணிந்திருந்தார்கள். புத்தகக் கட்சியும் படக் கட்சியும் மாடிப்படியில் மோதிக்கொண்டன. சத்தம் போடாமல் சண்டை போடச் சொன்னாள் நர்ஸ். சண்டை போட்டுக் களைத்தவர்கள் உள்ளே வந்து நோயாளிகளுக்குப் பக்கம் புரட்டிக் கொடுத்தார்கள். மூன்றாம் வருடத்தில் யார் எந்தக் கட்சி என்று அவர்களுக்கே மறந்துபோயிற்று. கடைசிப் படம் நான்கு மணி நேரம் என்று தெரிந்ததும், தியேட்டர்காரர் சம்மதத்தோடு அதை வார்டுக்கே கொண்டுவந்து, சுவரில் வெள்ளைப் படுக்கை விரிப்பைக் கட்டிக் காட்டினார்கள். கண்டக்டரால் இடைவேளையில் எழுந்துபோக முடியவில்லை. அது நல்லதாயிற்று, ஏனென்றால் பின்பாதியில் ஒரு நீல அங்கிக்காரி மலைச்சரிவில் இறங்கி வந்து ராணியின் கையைப் பிடித்தாள். கண்டக்டர் சத்தமாக மூக்கை உறிஞ்சினார். யாருக்கு நன்றி சொல்வது என்று கேட்டார். எழுதியவர் இறந்து எழுபது வருடமாகிவிட்டது என்றார்கள். அதனால் அங்கிருந்தவர்களுக்கு ஒவ்வொருவராகச் சொன்னார். விரிப்பைக் கட்டியவருக்கு இரண்டு முறை.

டெய்லருக்கு அவள் அக்கா சிறுநீரகம் கொடுத்தாள். அறுவை முடிந்து, இனி வேண்டிய மட்டும் தண்ணீர் குடிக்கலாம் என்று டாக்டர் சொன்ன நாளில், ரசிகர்கள் இரண்டு மலைகளிலும் ஏறிப் பனிக்கட்டி எடுத்துவந்து உருக்கினார்கள். குடிக்கத் தகுந்தது என்று மருத்துவமனைப் பரிசோதனைக்கூடம் சீட்டுக் கொடுத்தது. அவள் சக்கர நாற்காலியில் வார்டுக்கு வந்து, கண்டக்டர் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு சொம்பு தண்ணீரையும் நிறுத்தாமல் குடித்தாள். "எனக்கும் சேர்த்துக் குடிம்மா," என்றார் அவர். இன்னொரு சொம்பு குடித்தாள். அக்காவுக்கு ஒரு சட்டை, டாக்டருக்கு ஒரு சட்டை என்று அந்த வருடம் முழுவதும் நன்றிக்காகவே தைத்தாள். மற்ற நாட்களில் கடையைத் திறந்தாலும், சனிக்கிழமை மட்டும் கதவைச் சாத்திவிட்டு வந்து கண்டக்டருக்குப் பக்கம் புரட்டுகிறாள். அவருக்குப் பொருந்தும் சிறுநீரகம் இன்னும் கிடைக்கவில்லை. இது பதினேழாம் தடவைப் படிப்பு.

புதிதாகச் சேரும் நோயாளிகளிடம் நர்ஸ் மூன்று விஷயங்கள் சொல்லிவிடுகிறாள்: உப்பைக் குறையுங்கள், ஊசி குத்திய கையை அசைக்காதீர்கள், வரும்போது ஸ்வெட்டர் கொண்டுவாருங்கள்.