அடித்துப் போட்ட மூன்று ஊர்கள்

செத்தவனுக்கும் அனுமதிச் சீட்டு கேட்கிற காலம் வந்துவிட்டது. யூவாவின் கணவன் சாய்பாவை வீட்டு நடுவில் கிடத்தியிருந்தார்கள். செத்தவனுக்குப் பாட்டில் வழி சொல்லும் பெரியவர், துவா என்பவர், பாட உட்கார்ந்தபோது, பாதுகாப்பு அதிகாரி சோம்பெட் நோட்டும் பேனாவுமாக உள்ளே வந்தான்.

மலைவாழ் ஹ்மோங் மக்களின் வழக்கப்படி செத்தவன், வாழ்ந்த ஊர் ஒவ்வொன்றையும் கடைசியிலிருந்து தொட்டுக்கொண்டு பிறந்த வீட்டுக்குத் திரும்ப வேண்டும். அங்கே நடுத்தூணின் அடியில் புதைத்த நஞ்சுக்கொடிதான் அவனுக்குச் சட்டை. ஓர் ஊரை விட்டாலும் பாதி வழியில் அம்மணமாக நிற்பான்.

சோம்பெட் ஊர்ப் பட்டியலை நேற்றே வாங்கி மூன்றை அடித்திருந்தான். தாய்லாந்து அகதி முகாம், ஒளிந்து கிடந்த காடு, பிறந்த பூநோக் மலை. மலை இப்போது ராணுவத்தின் தடைப்பகுதி.

"இது கலகக்காரங்களுக்கு வழி காட்டுற மாதிரி இருக்கு. இந்த ரோட்டோர ஊர்லயே பொறந்தாருன்னு பாடிடுங்க," என்றான்.

"பொணம் துப்பாக்கி தூக்கிட்டுப் போகுமா தம்பி?" என்றாள் யூவா.

"மேலிடத்து உத்தரவும்மா. நான் என்ன பண்றது?"

போன வருஷம் துவாவின் மகனை விசாரணை என்று கூட்டிப்போய் இரண்டு மாதம் வைத்திருந்தார்கள். அவரைக் குறை சொல்ல யாருக்கு வாய் வரும்? ரோட்டோர ஊரைப் பாடினார். அதற்கு முன் அரசாங்கம் குடியேற்றிய ஊரைப் பாடினார். முகாம் வர வேண்டிய இடத்தில் தலையைக் குனிந்துகொண்டார்.

யூவா எழுந்து கணவனிடம் போனாள். பெண்கள் வழி சொல்லும் வழக்கமில்லை, அவளுக்குப் பாட்டும் தெரியாது. கணவனின் காதருகே குனிந்து, சந்தைக்குப் போகிறவனிடம் சொல்வதுபோல் சொன்னாள்.

"முகாமுக்குப் போங்க. அப்புறம் காடு. நம்ம பெரியவளைப் புதைச்ச ஆத்தோரம் கொஞ்சம் நின்னுட்டுப் போங்க. அப்புறம் பூநோக் ஏறுங்க. வீடு எரிஞ்சு போச்சு, தூண் நட்ட குழி இருக்கும்."

சோம்பெட் எழுதினான். "பின்னாடி என்கிட்ட வந்து அழக் கூடாது. உன் பேர் என்ன?"

"யூவா. மலையிலேர்ந்து வெரட்டுனது நீங்க. காட்டுல சுட்டது நீங்க. முகாம்லேர்ந்து லாரியில ஏத்தி அனுப்புனதும் நீங்க கேட்டுத்தான். ஊர் பேரைச் சொன்னா மட்டும் குத்தம் எங்களுதா? அந்த ஊரெல்லாம் எனக்கும்தான். வரிசை மாறாம எழுதிக்கோ. நீ புடிச்சு வெக்கிற எடத்துல நான் செத்துட்டா, நீதான் எனக்கு வழி சொல்லணும்."