முறைக்கு ஒரு சம்மதம்

மதுரை காளவாசலில் மாமா வீட்டு முன்னால் வந்து இறங்கும்போதே சிவக்குமாருக்கு மனசு குதியாளம் போட்டது. உசிலம்பட்டியில் டயர் கடை வைத்திருக்கும் தங்கை மகனை மலையாண்டி மாமா தானாகக் கூப்பிட்டது இதுதான் முதல் தடவை. "கொடைக்கானல்ல டென்ட் போட்டுத் தங்குறோம் மாப்ள. நீ வண்டி ஓட்டுனாத்தான் எனக்கு நிம்மதி" என்றிருந்தார். அவன் அம்மா முத்துத்தாய்க்கு அதுவே போதுமாக இருந்தது. அண்ணன் மகள் ரோகிணி இனி தன் மருமகள்தான் என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டாள்.

வழியில் கும்பக்கரை அருவியில் குளிக்க இறங்கும்போது ரோகிணி செயினைக் கழற்றி அவனிடம் கொடுத்தாள். "பத்திரமா வச்சிருங்க மச்சான்." அருவிப் பக்கமே போகாமல் அதைப் பொத்திக்கொண்டு பாறையில் உட்கார்ந்திருந்தான். கூடப் பிறந்தவளைக் கொடுத்த வீட்டுக்கு மகளைக் கொடுக்காமல் எங்கே போவார் என்று நினைத்தான். பைத்தியக்காரன். நனையாமல் நிற்கிறவனிடம்தான் நகையைக் கொடுப்பார்கள் என்பதுகூட உறைக்கவில்லை.

மலையில் டென்ட் அடித்ததும் அவன்தான், அடுப்பு மூட்டியதும் அவன்தான். மறுநாள் காலை, "கோல்ஃப் பாத்துட்டு வருவோம்" என்றார் மாமா. புல்வெளி ஓரத்தில் திருமங்கலம் வெள்ளைத்துரை குடும்பத்தோடு நின்றிருந்தார். பெங்களூரில் வேலை பார்க்கும் மகன் அருண்பாண்டி, தொப்பியும் கையுறையுமாக மட்டையைப் பிடித்திருந்தான். ரோகிணி தலையைக் குனிந்து சிரித்தாள்.

"பொண்ணு புடிச்சிருக்கு. முறைப்பையன், உரிமைக்காரரு எங்க? நாளப்பின்ன பந்தல்ல வந்து முறை பேசக் கூடாதுல்ல" என்றார் வெள்ளைத்துரை.

"அதுக்குத்தான கையோட கூட்டியாந்துருக்கேன்."

மாமா டிக்கியிலிருந்த பையைத் திறந்து தட்டை எடுத்தார். வேட்டி, துண்டு, வெற்றிலை பாக்கு. அந்தப் பையையும் வண்டியில் ஏற்றியவன் சிவக்குமார்தான்.

"சொல்லு மாப்ள." மாமாவின் குரல் இறங்கியிருந்தது.

மாட்டேன் என்று ஒரு சொல் போதும், பேச்சு அத்தோடு நின்றுவிடும். அது நாக்கு நுனிவரை வந்தது. ரோகிணி அப்போதுதான் அவனை நேராகப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கெஞ்சல் தவிர வேறொன்றும் இல்லை.

"எனக்குச் சம்மதம்" என்றான்.

மாமா தட்டை அவன் கையில் கொடுத்ததோடு அவன் வேலை முடிந்தது. அருண்பாண்டி பந்தை ஓங்கி அடித்தான். அது சரிவுக்கு அந்தப் பக்கம் போய் விழ, எல்லோரும் பேசிக்கொண்டே அதன் பின்னால் நடந்தார்கள். ரோகிணி ஓடிப்போய்ச் சேர்ந்துகொண்டாள். வெற்றிலை ஒன்று காற்றில் எழும்பிப் புல்லில் விழுந்தது. இரண்டு கையிலும் தட்டைப் பிடித்திருந்தவனால் குனிந்து எடுக்க முடியவில்லை.