றிப்னா போட்ட புள்ளடிகள்

தரம் ஐந்தில் என்னிடம் படிக்கும் றிப்னாவால் ஓரிடத்தில் இருக்க முடியாது. அவளுக்கு உள்ளங்கை அளவில் ஓர் அட்டை கொடுத்தேன். என் மேசைக் கடிகாரம் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை ஒலிக்கும். அப்போது அவள் தன்னையே கேட்க வேண்டும்: நான் கதிரையில் இருந்தேனா? இருந்தால் சரி, எழும்பித் திரிந்தால் பிழையென்று ஒரு புள்ளடி. நானும் தனியாக ஓர் அட்டையில் குறிப்பேன். இரண்டும் ஒத்துப்போனால் அவளுக்கு ஒரு நட்சத்திரம் ஒட்டுவேன். எத்தனை புள்ளடி விழுந்தாலும் சரி.

ஒருநாள் கேட்டாள்.

“டீச்சர், நான் ஜன்னலடிக்குப் போனத நீங்க காணல்லதானே?”

“காணல்ல மகள்.”

“அப்ப நீங்களும் போடுங்க. நானும் போட்டுட்டன்.”

முதல் நாள் பதினேழு புள்ளடிகள். மூன்றாம் கிழமையில் நாளுக்கு ஆறு. ஒவ்வோர் அட்டையிலும் திகதியிட்டுக் கோப்பில் சேர்த்து வைத்தேன்.

புலமைப்பரிசில் பரீட்சைக்கு இரண்டு மாதம் இருக்கையில், சில தாய்மார் அதிபர் முத்தலிப் சேரிடம் போனார்கள். றிப்னா எழும்பித் திரிவதால் தங்கள் பிள்ளைகளின் படிப்புக் கெடுகிறதாம், அவளை விசேட தேவையுள்ள பிள்ளைகளின் அலகுக்கு மாற்ற வேண்டுமாம். அவள் திருந்தி வருவதைக் காட்டலாமென்று நானே கோப்பைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதிபர் திகதியைப் பார்க்கவில்லை. புள்ளடிகளை எண்ணினார்.

“பாருங்க சேர்,” என்றார் நதீரா என்ற தாய். “அவவே அவட கையால எழுதித் தந்திரிக்கா. நாங்க சொன்னா மட்டும் பொய்யெண்டு கதைப்பாங்க.”

“குறைஞ்சு வருது சேர்,” என்றேன்.

“ஒரு கிழம பாப்பம் டீச்சர். இன்னமும் புள்ளடி இருந்தா மாத்துவம்.”

அதிபர் அழைத்திருந்த றிப்னாவின் உம்மா ஸுஹைறாவும் அங்கே இருந்தார், மருதமுனையில் தறியில் நெய்பவர். வெளியே வந்ததும் என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

“உள்ளதச் சொன்னதுக்கா டீச்சர் இந்தத் தண்டன?”



திங்கட்கிழமை றிப்னா நாலு தடவை எழும்பினாள். அட்டை முழுக்கச் சரி போட்டிருந்தாள். என் முகத்தைப் பார்க்காமல் நீட்டினாள்.

“உம்மா சரி மட்டும் போடட்டாம்.”

நட்சத்திரத் தாளைக் கையில் எடுத்தேன்.

“வேணா டீச்சர்,” என்றாள். “ஒத்துப்போகல்லதானே.”

அந்தக் கிழமை அட்டைகள் ஐந்திலும் ஒரு புள்ளடிகூட இல்லை. நான் கையொப்பமிட்டுக் கோப்பில் சேர்த்தேன். நான் குறித்த ஐந்தையும் கிழித்துவிட்டேன். அதிபருக்குத் திருப்தி.

றிப்னா எங்கள் வகுப்பில்தான் இருக்கிறாள். காலையில் வந்து இருந்ததுமே, கடிகாரம் ஒரு தடவைகூட ஒலிக்குமுன், அட்டை முழுவதையும் நிரப்பி மேசையில் வைத்துவிடுகிறாள்.